டர்னிப் போடாத பேஸ்டி

நவம்பர் பதினைந்தாம் தேதி எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. மான் வேட்டை தொடங்குகிற நாள். வாத்தியாரும் காட்டில் இருப்பார், பிள்ளைகளும் காட்டில் இருப்பார்கள், பிறகு பள்ளியைத் திறந்து வைத்து யாருக்கு என்ன லாபம்? அன்றைக்கு ஊருக்குள் இருப்பவர்கள் நடக்கமுடியாத கிழங்கட்டைகளும், பெட்ரோல் பங்கில் பேஸ்டி விற்கிற நானும்தான். மாவை வட்டமாக விரித்து, மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் கிழங்கு எல்லாம் பொடியாக நறுக்கி உள்ளே வைத்து, மடித்துச் சுடுவதுதான் பேஸ்டி. செய்தித்தாளில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டால் மத்தியானம்வரை சூடு தாங்கும். அதுவரை நெஞ்சுக்கும் கதகதப்பாக இருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் நான் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, என் புருஷன் ரஸ்ஸல் துப்பாக்கியைத் துடைத்தபடியே சொன்னான்.

"ரெண்டு கட்டு மேவிஸ். ஒண்ணுல டர்னிப் போடாத."

என் கை அப்படியே நின்றுவிட்டது. டர்னிப் இல்லாத பேஸ்டியைத் தின்கிறவன் இந்த வட்டாரத்திலேயே ஒருத்தன்தான். டெல்பர்ட் ஹௌட்டலா. அவனும் ரஸ்ஸலும் பேச்சு வார்த்தை நின்று மூன்று சீசன் ஆகியிருந்தது. எனக்கு ஒரு கூச்சல் போட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் இவனைப் பற்றி எனக்குத் தெரியும். "என்ன, சமாதானமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், "ஒண்ணும் வேணாம், ரெண்டுலயும் போடு" என்று முறுக்கிக்கொள்வான். அதனால் வாயை மூடிக்கொண்டு, டர்னிப் போடாததன் ஓரத்தில் சின்னதாக ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்தேன்.

இரண்டு பேரும் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து ஒன்றாக வேட்டைக்குப் போனவர்கள். காகிதக் கம்பெனிக்குச் சொந்தமான காடு. கம்பெனிக்கு வரியில் சலுகை, அதற்குப் பதிலாக யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வேட்டையாடலாம். நடந்துதான் போகவேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மானைச் சுட்டவன் தனியாக இழுக்கக்கூடாது. வெடிச் சத்தம் கேட்டதும் மற்றவன் தன் இடத்தை விட்டு இறங்கி வரவேண்டும். தன் எதிரே பத்துக் கிளைக் கொம்பன் நின்றாலும் விட்டுவிட்டு வரவேண்டும். வரவும் வந்தார்கள். பாதி மான்களை அவர்கள் இழந்தது இந்தச் சட்டத்தால்தான் என்று நான் கேலி பண்ணுவேன்.

அப்புறம் கம்பெனி ரோட்டோரக் காட்டைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தது. ரஸ்ஸல் மானுக்காகக் காத்து உட்காருகிற இடத்துக்குப் போகிற வழி, ரோட்டை ஒட்டின நாற்பது ஏக்கருக்குள்தான் ஓடுகிறது. அதைச் சேர்ந்து வாங்கலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ரஸ்ஸலுக்கு மாரடைப்பு. அவன் டவுன் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது டெல்பர்ட் தனியாகப் போய் வாங்கிவிட்டான். "கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டேன்னுட்டான்" என்றான். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த மாதமே எல்லை நெடுக மஞ்சள் பலகை அடித்தான். 'உள்ளே நுழையாதே.' பெரிய பாலத்தைத் தாண்டித் தெற்கத்தி நகரங்களிலிருந்து வருகிற ஆட்கள் வண்டியோடு உள்ளே புகுந்துவிடுகிறார்களாம், அதற்காகவாம்.

"உனக்கு இல்லடா அது. நீ ஒரு தடவை கேட்டுட்டுப் போயேன்" என்று ரஸ்ஸலிடம் சொன்னான்.

ஒரு தடவை கேட்டுவிட்டு. அந்த மூன்று வார்த்தையில்தான் எல்லாம் நாசமாகப் போனது.

அந்த வழி அடைபட்ட பிறகு மிச்சம் இருந்தது வடக்குப் பக்கத்துப் பொதுப் பாதை மட்டும். தேவதாருச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் பனியில், இரண்டு மைல். பாதி இதயம்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டிய மனிதன் அந்த வழியாகத்தான் போனான். போன வருஷம் திரும்பி வந்து அரைமணி நேரம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டெல்பர்ட் வீட்டுக்கே போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"நான் என்ன, வேணாம்னா சொன்னேன்?" என்றான். "ஒரே ஒரு வார்த்தை. 'டெல்பர்ட், உன் நிலத்து வழியா போய்க்கட்டுமா?' வாயிலருந்து முத்து உதிர்ந்துடுமா?"

"அவனுக்குப் பதிலா நான்தான் கேக்குறேனே."

"நீ கேட்டா நீ போ. உனக்கு இல்லாத வழியா? அவனை வந்து கேக்கச் சொல்லு."

"சதுப்பைச் சுத்திப் போனா ஒருநாள் திரும்பி வரமாட்டான், டெல்பர்ட்."

அவன் கோடரியைக் கட்டையில் குத்தி வைத்தான். "அப்ப கேக்கறது சுலபம்தானே" என்றான்.

வீட்டுக்கு வந்து ரஸ்ஸலிடம் அப்படியே ஒப்பித்தேன். குதித்தான்.

"கேக்கணுமா? அந்த நாப்பது ஏக்கர்ல எந்த மரத்துல மான் கொம்பை உரசும்னு அவனுக்குக் காட்டினதே நான். என் வீட்டுக்குள்ள போக நான் கதவைத் தட்டணுமா?"

"அது உன் வீடு இல்ல கிழவா. நேத்து கம்பெனிக்காரன் வீடு, இன்னைக்கு டெல்பர்ட் வீடு."

"நீ எந்தப் பக்கம்டி?"

"நான் ஆஸ்பத்திரிப் பக்கம்."

இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி ஏரியில் தள்ளலாமா என்று இருந்தது எனக்கு. இந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் டர்னிப் போடாத பேஸ்டி வந்தது. ஒரு வாரம் முழுக்க இவன் அதை உள்ளுக்குள்ளேயே போட்டு அரைத்திருக்கிறான். கேட்கமாட்டான், ஆனால் கொடுப்பான். கொடுத்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை பாருங்கள். அவன் கணக்கு அது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் வடக்குப் பாதை முனையில் அவனை இறக்கிவிட்டேன். ராத்திரி புதுப் பனி பெய்து நின்றிருந்தது. ஆரஞ்சு கோட்டுக்குள் இரண்டு பேஸ்டியும் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றன.

"பன்னெண்டு மணிக்கு மேல இங்க வந்து நில்லு" என்றான்.

"ரெண்டையும் நீயே முழுங்கிடாத."

"டர்னிப் இல்லாத பேஸ்டிய மனுஷன் தின்பானா?" என்று சிரித்துவிட்டுப் போனான். சிரிக்கும்போதே மூச்சு இளைத்தது. இருட்டில் அந்த ஆரஞ்சு நிறம் கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

கடையில் அன்றைக்குத் தலை நிமிர நேரமில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தன் கதவைத் திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே நுழைவார்கள், ரத்தக் கறைக் கையோடு என் சுத்தமான மேஜையில் சாய்ந்துகொண்டு காபி கேட்பார்கள், நான் திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். என்ன திட்டவேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

மத்தியானம் பாதை முனைக்குப் போனால் அவன் இல்லை. ஹாரன் அடித்தேன். காத்திருந்தேன். பாதையில் போன அடிச்சுவடு மட்டும் இருந்தது, வந்த அடிச்சுவடு இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக டெல்பர்ட் நிலத்துக்கு விட்டேன். வாசலில் கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, உள்ளே ஓட்டிக்கொண்டுபோய், கையை எடுக்காமல் ஹாரனை அழுத்தினேன்.

மரத்துப் பரணிலிருந்து டெல்பர்ட் இறங்கி வந்தான்.

"என்ன மேவிஸ், இருக்குற நாலு மானையும் விரட்டிட்டுப் போகலாம்னு வந்தியா?"

"ரஸ்ஸல் வரல."

அவன் முகம் மாறியது. "காலைலயே சுட்டுட்டானே. அவன் துப்பாக்கிச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஒரே வெடி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. மான் அடிபட்டு என் பக்கம்தான் ஓடி வந்திருக்கும். அனுமதி இல்லாம உள்ள வந்து எடுக்கமாட்டான். எப்படியும் இந்தத் தடவை வந்து கேட்டுத்தானே ஆகணும்னு..."

"காலைலருந்து உக்காந்திருந்தியா?"

"வந்து கேப்பான்னு நினைச்சேன்."

சத்தம் வந்த திசையில் அவன் முன்னால் நடந்தான், ஓடினான் என்றே சொல்லவேண்டும். ஒரு சின்ன மேட்டைத் தாண்டியதும் மான் கிடந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. காக்கைகள் ஏற்கெனவே வந்திருந்தன. அங்கிருந்து ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே எல்லைப் பக்கம் நடந்தோம். இருபது முப்பது அடிதான் இருக்கும். மஞ்சள் பலகை அடித்த மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தில் சாய்ந்து ரஸ்ஸல் உட்கார்ந்திருந்தான். மானைப் பார்த்தபடி. துப்பாக்கி மடியில், குண்டுகளை எடுத்துப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தான்.

தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். கன்னத்தைத் தொட்டேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. நிமிர்ந்தபோது டெல்பர்ட் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பார்த்தேன். எல்லையை ஒட்டியே ரஸ்ஸலின் காலடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்து, பனி தடமாகவே மிதிபட்டிருந்தது. ஒரு காலடிகூடப் பலகையைத் தாண்டவில்லை. பலகைக்கு நேராக ஒரு முழங்கால் பதிந்த குழி. அதற்கு முன்னால், டெல்பர்ட் பக்கம், ஒரு உள்ளங்கை பதிந்த அடையாளம். அதற்கும் கொஞ்சம் தள்ளி ஒரு அடிமரக் கட்டை. கட்டைமேல் பனியைத் துடைத்துவிட்டு, செய்தித்தாளில் சுற்றியது சுற்றியபடியே ஒரு பேஸ்டியை எட்டி வைத்திருந்தான்.

தன் பேஸ்டியை அவன் தின்றிருந்தான். அந்தக் காகிதம் மடித்துக் கோட்டுப் பையில் இருந்தது. அப்படியென்றால் பசியெடுக்கிற நேரம்வரையாவது இருந்திருக்கிறான்.

"நாலு எட்டு வச்சிருந்தா..." என்றான் டெல்பர்ட். குரல் உடைந்துவிட்டது. "நான் என்ன, அவனைச் சுட்டிருக்கப் போறேனா? மேட்டுக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தேன். வந்து ஒரு வார்த்தை..."

"நீ வருவேன்னு உக்காந்திருந்தான்."

"நானா?"

"வெடிச் சத்தம் கேட்டா மத்தவன் இறங்கி வரணும்னு நீங்க ரெண்டு பேரும்தானே வச்சிருந்தீங்க?"

டெல்பர்ட் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆறடி மனுஷன், இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவன் தோளைத் தொட என் கை நீளவில்லை. என் புருஷனின் கால் விறைத்திருந்தது, நான் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் தேய்த்தேன்.

ஷெரீப் ஆட்களும் ஆம்புலன்ஸும் டெல்பர்டின் நிலத்து வழியாகத்தான் வந்தார்கள். ரஸ்ஸலும் அந்த வழியாகத்தான் வெளியே போனான். ரோட்டுக்குப் போய்ச்சேர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எந்நேரத்துக்கு உயிர் போயிருக்கும் என்று அவர்களாகவே சொல்ல வந்தார்கள். வேண்டாம் என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் டெல்பர்ட் வீட்டுக்கு வந்தான். ரஸ்ஸலின் வேட்டை லைசென்ஸ் சீட்டை மான் கொம்பில் கட்டி, என் கொட்டகையில் மானைத் தொங்கவிட்டான். அவன் வண்டியின் பின்பக்கம் மஞ்சள் பலகைகள் குவிந்து கிடந்தன. ஒன்று விடாமல் பிடுங்கியிருந்தான், ஆணியோடு.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் மேவிஸ்."

"இப்ப எதுக்கு? மான் படிக்கவா போகுது?"

அவன் உள்ளே வந்து, ரஸ்ஸல் உட்காருகிற நாற்காலியை விட்டுவிட்டு அதற்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பழைய நாட்களில் அவன் உட்காருகிற இடம்தான் அது. கோட்டுக்குள்ளிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்துப் பிரித்தான். பேஸ்டி கல்லாக உறைந்திருந்தது. ஓரத்தில் நான் போட்ட கீறலை விரலால் தடவிப் பார்த்தான்.

"டர்னிப் போடலதானே?" என்றான்.

"போடல. அவன்தான் சொன்னான்."

அடுப்பு அவன் முதுகுக்குப் பின்னாலேயே எரிந்துகொண்டிருந்தது. எடுத்து உள்ளே வைத்தால் பத்து நிமிஷத்தில் சூடாகியிருக்கும். சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல் வலிக்க வலிக்க, அதைக் கடைசித் துணுக்குவரை கடித்துத் தின்றான். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.