பக்கத்து ஓடுபாதை

விமானக் கம்பெனியில் கேப்டனுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார், அதுவும் கிராம் கணக்கில். மனைவி பிரிந்து போய்ப் பல வருஷம் ஆகிறது. மகன் கடல் தாண்டி இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். இருவரும் அவரவர் ஊர் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

அன்று மதியம் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. பக்கத்து இருக்கையில் துணை விமானி, வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பாத பெண். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தால் பார்த்தே இறங்கலாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அனுமதி வந்தது. கேப்டன் முன்னால் பார்த்தார். பழுப்பு வயல்களுக்கு நடுவே நீளமாய் ஒரு சாம்பல் கோடு. இருக்க வேண்டிய திசையில்தான் இருந்தது.

"தெரியுது" என்றார்.

தூரம் காட்டும் கருவி மட்டும் இன்னும் ஏழு மைல் பாக்கி என்றது. துணை விமானி அதைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். ஓடுபாதை மூக்குக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

"சார்..." என்றாள்.

அவர் திரும்பவில்லை. வலது கையைக் கொஞ்சம் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார், வாசலில் வந்து நிற்பவரிடம் 'பொறு' என்போமே, அப்படி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சக்கரம் தரையில் பட்ட பிறகுதான் பாதை எவ்வளவு குட்டை என்று தெரிந்தது. இருந்த பலம் எல்லாவற்றையும் காலுக்குக் கொடுத்து பிரேக்கை மிதித்தார். பின்னால் பயணிகளின் சாமான்கள் உருண்டன. ஒரு குழந்தை வீறிட்டது. வேலிக்கு முன்னால் விமானம் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வண்டியை அணைத்துவிட்டு இவர்களையே பார்த்தார்.

"இறங்கிட்டோம்" என்று கேப்டன் ரேடியோவில் சொன்னார்.

கோபுரத்திலிருந்து பதில் வந்தது. "எங்க இறங்கியிருக்கீங்க? இங்க காணோமே."

ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திய இரண்டு குட்டி விமானங்களும் ஒரு தகரக் கொட்டகையும் நின்றன. பறக்கக் கற்றுத்தரும் கிளப் ஒன்றின் மைதானம் அது.

"இது நம்ம ஏர்போர்ட் இல்ல சார்."

"தெரியுதும்மா."

கிளப்பின் மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு வந்து அண்ணாந்து பார்த்தார். கேப்டன் பக்கத்து ஜன்னலைத் திறந்தார்.

"எதுக்குங்க இங்க இறங்கினீங்க?"

"தப்பா இறங்கிட்டேன்."

மெக்கானிக் யோசித்தார். "எங்ககிட்ட ஏணி இருக்கு. பெயிண்ட் அடிக்கிற ஏணி. உங்க வாசலுக்கு எட்டாதே."

பெரிய விமான நிலையத்திலிருந்து படிக்கட்டு வண்டி வருகிற வரை எல்லோரும் உள்ளேயே கிடந்தார்கள். கேப்டன் மைக்கில் சொல்லாமல் நேரே போய் நின்று, தவறு தன்னுடையது என்றார். பாதிப் பேர் அவரைப் படம் எடுத்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும், "பஸ்ல எனக்கு ரெண்டு தடவை இப்படி ஆயிருக்கு. ஆனா ஓட்டினது நான் இல்ல" என்றார். சிரிப்பு எழுந்தது. கேப்டனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

பயணிகள் பஸ்ஸில் போனார்கள். அதிகாரிகள் வந்து விமானிகள் இருவரையும் ஆளுக்கொரு காரில் ஏற்றினார்கள். விசாரணை முடியும்வரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்றார்கள்.

வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் போன் அடிக்கவே இல்லை. கூடப் பறந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை மும்முரம். மகன் மட்டும் புதன்கிழமையன்றே கூப்பிட்டான்.

"அப்பா, நியூஸ்ல..."

"நான்தான்."

"அடி ஒண்ணும் இல்லயே?"

"யாருக்கும் இல்ல."

"உங்களுக்கு இல்லயேன்னு கேக்கறேன்ப்பா."

"இங்க நல்ல மழை" என்றார்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். விமானி அறையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். 'சார்...' என்று அவள் குரல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு சக்கரங்களின் சத்தம்.

"எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு கேட்டா ஞாபகம் இல்லங்கறாங்க" என்றார் நடுவில் இருந்த அதிகாரி. "எச்சரிக்க வேண்டியது அவங்க கடமை. செய்யலன்னா பாதி குத்தம் அவங்க மேலயும்தான்."

அவள் அந்தக் கையைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது கேப்டனுக்கு அப்போதுதான் புரிந்தது. இவரும் பேசாமல் இருந்துவிட்டால் பாரம் பாதியாகும்.

"எச்சரிக்கத்தான் வந்தாங்க. நான் கையைக் காட்டி அடக்கிட்டேன்."

"டேப்ல அப்படி எதுவும் இல்லயே."

"கை சத்தம் போடாதுங்க."

அவளை மறுபடி பறக்க விட்டார்கள். இவர் தோளிலிருந்து ஒரு பட்டை போயிற்று. இனி துணை விமானியாகத்தான் பறக்கலாம் என்றார்கள். அந்த வயதில் வேறு யாராக இருந்தாலும் ராஜினாமா எழுதியிருப்பார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாததால் இவர் சரி என்றார்.

ஒருநாள் அலுவலக நடைகூடத்தில் அவள் எதிரே வந்தாள்.

"நீங்க சொல்லியிருக்க வேண்டாம் சார். நான்தான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்" என்றார். "நான் கேட்டிருக்க மாட்டேன்."

அவள் ஏதோ சொல்ல நின்றாள். யாரோ வரும் சத்தம் கேட்டது. தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு அவர்களை ஒரே விமானத்தில் போடவில்லை.

துணை விமானியின் வலது இருக்கையில் அவருடைய முதல் பயணம், மகன் வயதுள்ள கேப்டனோடு. தூரத்தையும் உயரத்தையும் அந்தக் கேப்டன் கேட்காமலே இவர் வாய்விட்டு, அடிக்கடி சொல்லிக்கொண்டு வந்தார். இளம் கேப்டன் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். சரியாகத்தான் இறங்கினார்கள்.

அன்றிரவு தங்கிய ஓட்டலில், "சாப்பிட வரீங்களா சார்?" என்று இளம் கேப்டன் மரியாதைக்குக் கேட்டார். மற்றவர்கள் லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க போங்க."

அறைக்கு வந்து காலுறைகளைத் துவைத்து நாற்காலி முதுகில் காயப்போட்டார். மகனைக் கூப்பிட நினைத்தார். அங்கே இப்போது வேலை நேரம். பக்கத்து அறையில் ஒரு கணவனும் மனைவியும் டிவி சத்தத்தைக் குறைப்பதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அது ஓய்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.