தட்டுக்கு அடியில் ஒரு பாக்கெட்

அந்தத் தெருவில் வயதானவர்களின் சிரிப்பில் பாதி அவருடைய கைவண்ணம். பல் டாக்டர் அளவெடுத்து அச்சை அனுப்பிவிடுவார். மீதி வேலையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன அறையில்தான் நடக்கும். ஊர் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. மனைவி இருந்தவரை, கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். மயிரிழை பிசகினாலும் கடிக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும் தொழில் அது. அப்படிப்பட்ட மனிதர் மனைவியிடம் சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துச் சொன்னார்.

அந்தப் பொய்க்கு இப்போது ஆபத்து வந்துவிட்டது.

சளிக்காலம் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் மகளுக்கு வழக்கம்போல முதல் வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. சனிக்கிழமை காலை வந்து பையைக் கீழே வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னாள்.

“அப்பா, இருமலுக்கு அம்மா போடற கம்மிய இந்த வருஷம் நான் பண்றேன். தம்பியும் கேட்டான். அம்மா இல்லன்னு அது நின்னுடக் கூடாதுல்ல?”

அவர் அவசரமாகத் தடுத்தார்.

“எதுக்கும்மா சிரமம்? கடையில விக்குதே.”

“அது மிட்டாய்ப்பா. அம்மா பண்றது மருந்து.”

மருந்துதான். அதிமதுரம், துளசி, மிளகு மூன்றையும் தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டி, உறையவைக்க ஜெலட்டினைக் கரைத்து, சூடு தணிந்ததும் தேனும் எலுமிச்சைச் சாறும் விடுவாள். கடைசியில் ஒரு குழிக்கரண்டி பச்சை இஞ்சிச்சாறு. பிறகு எவர்சில்வர் தட்டில் ஊற்றி, உறைந்ததும் ஜவ்வு மிட்டாய் மாதிரி துண்டு போடுவாள். வாயில் போட்டால் முதலில் இனிக்கும், அப்புறம் காது வரைக்கும் சூடேறும். ‘பேர்தான் கம்மி, காரம் ஜாஸ்தி’ என்று கண்ணில் தண்ணீரோடு சொல்லிக்கொண்டே மகன் இரண்டாவதற்குக் கை நீட்டுவான். அந்த நாட்களில் வீடு முழுக்க அதிமதுர வாசனையாக இருக்கும், திரைச்சீலையில்கூட.

குழப்பமெல்லாம் அந்த இஞ்சியில்தான். பச்சை இஞ்சிச்சாறு ஜெலட்டினைத் தின்றுவிடும். ராத்திரி பகலாக ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உறையாது, ரசம் மாதிரி தளும்பிக்கொண்டிருக்கும். இஞ்சியை முதலிலேயே மற்றவற்றோடு கொதிக்கவிட்டால் தீர்ந்தது. ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது? ‘கொதிக்க வச்சா இஞ்சியோட ரோஷம் போயிடும்’ என்பது அவள் கட்சி. அவளுக்கு இருந்த ரோஷத்துக்கு இஞ்சி தோற்றுவிடும் என்பது அவர் கட்சி. அதை மனதுக்குள் வைத்துக்கொண்டார்.

முதல் முறை அவள் செய்தபோது மகள் கைக்குழந்தைப் பருவம் தாண்டி நடக்கத் தொடங்கியிருந்தாள். இருமி இருமிக் குழந்தை துவண்டுபோயிருந்தாள், தாயும் தூக்கமில்லாமல் அரை ஆளாகிவிட்டாள். மாடி ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று தட்டைக் கீழே கொண்டுவந்து, அவர் தண்ணீர் பாட்டில் வைக்கும் குட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போய்க் குழந்தை பக்கத்தில் சாய்ந்தாள். மத்தியானம் அவர் திறந்து பார்த்தால் ஒரே குளம். எழுந்து வந்து இதைப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் ஜெலட்டின் வாங்கிவந்து, எல்லாவற்றையும் மறுபடி கொதிக்கவைத்து, அதைக் கரைத்து ஊற்றிவைத்தார். சாயங்காலம் அவள் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். அசையவில்லை.

“என்னங்க! உறைஞ்சிடுச்சுங்க! மாடி ஃப்ரிட்ஜ விட உங்க ஃப்ரிட்ஜுதான் ராசி!”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்லக் கல்நெஞ்சம் வேண்டும். பல்செட்டுக்காரருக்கு அது இல்லை. அன்று விழுந்த முடிச்சு, வருஷா வருஷம் இறுகிக்கொண்டே போனது. மாடி ஃப்ரிட்ஜ் புதிதாக வந்த பிறகும் தட்டு கீழேதான் வரும். ‘மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எடுப்பேன், அதுவரைக்கும் நான் கீழ வர மாட்டேன்’ என்று அவளே சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு காரியத்தை முடித்துவிடுவார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கம்மி போகும். ‘என் கைப்பக்குவம்’ என்று அவள் சொல்லும்போது அவர் ஏதாவது ஒரு பல்லை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவார்.

இப்போது மகள் அதே கைப்பக்குவத்தை எழுத்துப் பிசகாமல் செய்யப்போகிறாள்.

சனிக்கிழமை செய்து மாடி ஃப்ரிட்ஜில் வைத்த முதல் தட்டு உறையவில்லை. ஜெலட்டின் பழசு என்று முடிவுகட்டி, சாயங்காலமே புதுப் பாக்கெட் வாங்கி இரண்டாவது தட்டு போட்டாள். ஞாயிறு காலை அதுவும் தண்ணீர். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, படித்த பேப்பரையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா பக்கத்துல நின்னு எத்தனை தடவை கிளறியிருக்கேன்! ஒண்ணுகூட மாத்தலப்பா.” கட்டிய தொண்டையில் குரல் பிசிறடித்தது. “அவங்க கை எனக்கு வரவே வராதா? அம்மா கிட்டேர்ந்து எனக்குன்னு எதுவுமே வரலையா?”

சொல்லிவிடலாமா என்று இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் மகள் அழுகை நின்றுவிடும். ஆனால் ஊரெல்லாம் புகழ்ந்த அந்தக் கை ஒரு தட்டுகூட உறையவைத்ததில்லை என்று ஆகிவிடும். போனவள் வந்து பதில் சொல்ல முடியாது. செத்தவளைக் காட்டிக்கொடுத்து மகளைத் தேற்றுவதா, மகளை அழவிட்டுச் செத்தவள் மானத்தைக் காப்பதா? மென்று விழுங்கினார்.

மகள் விடவில்லை. அந்த விஷயத்தில் அவள் அம்மாவேதான். மூன்றாவது தட்டை ஊற்றி எடுத்துக்கொண்டு, படியிறங்கி அவர் அறைக்கே வந்துவிட்டாள்.

“அம்மா உங்க ஃப்ரிட்ஜுலதான வைப்பாங்க? இங்க வச்சுப் பாக்கறேன். மத்தியானம் வந்து எடுத்துக்கறேன். எனக்குத் தலை பாரமா இருக்கு, கொஞ்சம் படுக்கிறேன்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவர் நினைத்தார். கதவைச் சாத்தினார். தட்டைத் தூக்கினார். அடியில் வெறும் ஃப்ரிட்ஜ் கம்பிதான் இருந்தது.

கை அப்படியே நின்றது. வழக்கமாக அங்கே ஒரு பாக்கெட் ஜெலட்டின் இருக்கும். அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு அவர் ஒருமுறைகூடக் கடைக்குப் போனதில்லை. அவளுக்கு அப்படியொரு ஞாபகமறதி. தட்டை ஏந்தி வரும் அவசரத்தில், மிச்சமான பாக்கெட்டை அடியில் பிடித்தபடியே கொண்டுவந்து மறந்துவிடுவாள். வருஷா வருஷம் மறப்பாள். அவரும் தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு பிரித்துக் கொட்டுவார்.

சரி, அதிர்ஷ்டம் எத்தனை நாளைக்கு? சட்டையை மாட்டிக்கொண்டு மூலைக்கடைக்குப் போனார். ஜெலட்டின் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பக்கத்தில் கடல்பாசியும் இருந்தது. அங்கேதான் அவர் தொழில்புத்தி குறுக்கே வந்தது. அச்சுக்கு நகலெடுக்க அவர் உருக்கி ஊற்றும் கூழும் கடல்பாசிச் சரக்குதான். ஓரம் உதிராது, சுருங்காது, ஒருநாளும் காலை வாரியதில்லை. இஞ்சி என்ன, இஞ்சியின் பாட்டன் வந்தாலும் அதைத் தின்ன முடியாது. இவ்வளவு காலமும் இது ஏன் தோன்றாமல் போயிற்று என்று தன்னையே கடிந்துகொண்டு, கடல்பாசியை வாங்கிவந்தார்.

மத்தியானம் மகள் வந்து தட்டைச் சாய்த்தாள். அசையவில்லை.

“அப்பா! உறைஞ்சிடுச்சுப்பா!”

அதே குரல், அதே துள்ளல். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மகள் கத்தியால் கீறி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நறுக்கென்று உடைந்தது. கம்மி உடையாது, இழுபடும். மகள் மெல்லுவதை நிறுத்தினாள். இன்னொரு துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள். அம்மாவின் கம்மி தேன்நிறத்தில் கண்ணாடியாக இருக்கும். இது மங்கலாக, ஓரமெல்லாம் அச்சில் வார்த்தாற்போல் நேராக நின்றது. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். சின்ன அடுப்பின் மேல் பாத்திரம், பாத்திரத்தில் கரண்டி, மேசைக்கு அடியில் குப்பைக்கூடை, கூடையில் பளபளவென்று கடல்பாசிப் பாக்கெட்.

“அப்பா.”

“ம்.”

“இது என்ன பல்செட்டா, கம்மியா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இஞ்சி, குளம், முதல் பாக்கெட், ராசியான ஃப்ரிட்ஜ், எல்லாம். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உன் கையில ஒண்ணும் குத்தமில்லம்மா. உங்க அம்மா பண்ணதும் ஒருநாளும் உறைஞ்சதில்ல. அவளுக்கு அது கடைசி வரைக்கும் தெரியாது. அவ பேரைக் கெடுத்துடாத. தம்பிகிட்டகூடச் சொல்லிடாத.”

மகள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“ஜெலட்டின் வருஷா வருஷம் யாரு வாங்கினா? நீங்களா?”

“நான் எங்க வாங்கினேன்? அவதான் மறந்துபோய் ஒண்ணத் தட்டுக்கு அடியில விட்டுட்டுப் போவாளே. என் அதிர்ஷ்டம்.”

“வருஷா வருஷமா?”

“வருஷா வருஷம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மகள் கண் அடுப்பின் மேலிருந்த பாத்திரத்தின் மேல் நின்றது.

“இந்தப் பாத்திரம்?”

“டீ போட்டுக்கச் சொல்லி அவதான் வாங்கிக் கொடுத்தா.”

“நீங்க காப்பிதானப்பா குடிப்பீங்க. ஒரு வருஷம் கம்மியில மெழுகு நாத்தம் அடிக்குதுன்னு நானும் தம்பியும் துப்பினோமே, அதுக்கு அப்புறம் வாங்கினதா?”

அந்த வருஷம் பல்செட்டுக்கு மெழுகு உருக்கும் சட்டியில்தான் அவர் கொதிக்கவைத்தார். ‘அது அதிமதுர வாசனைடா, பேசாமச் சாப்பிடுங்க’ என்று அவள் பிள்ளைகளை அதட்டினாள். அடுத்த வாரமே இந்தப் பாத்திரம் வந்தது. அவளுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது என்று அப்போது விட்டுவிட்டார்.

“அப்பா, சின்ன வயசுல நான்தான் அம்மாகூட மூலைக்கடைக்குப் போவேன்,” என்றாள் மகள். “எப்பவும் ரெண்டு பாக்கெட் எடுப்பாங்க. எதுக்கும்மா ரெண்டுன்னு கேட்டா, ஒண்ணு நமக்கு, ஒண்ணு அப்பாவுக்குன்னு சொல்வாங்க. நான் இத்தனை நாளா, பல்லு ஒட்ட வாங்கறாங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!”

அவர் கழற்றிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“உங்க ரூமத் தினமும் கூட்டிக் குப்பையக் கொட்டினது யாரு? அந்த மொதல் பாக்கெட்டோட காலி கவர எங்க போட்டீங்க?”

குப்பைக்கூடையைப் பார்த்தார். அதே கூடை. மயிரிழை அளவு பார்க்கிற கண், இத்தனை வருஷம் இதைப் பார்க்கவில்லை. அத்தனை சளிக்காலமும் கதவுக்கு இந்தப் பக்கம் அவர் திருட்டுத்தனமாகக் கிளறிக்கொண்டிருக்க, மாடியில் அவள் தெரிந்தே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மத்தியானம் வரைக்கும் கீழே வர மாட்டேன் என்று அவருக்கு நேரமும் கொடுத்திருக்கிறாள். தட்டைச் சாய்த்துப் பார்த்துத் துள்ளி வேறு காட்டியிருக்கிறாள்.

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உடனே அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, சண்டை போடுவதற்காகவாவது. சிரிப்பும் வந்தது. சிரிக்கத் தொடங்கிய வாய் கோணி, மகள் எதிரிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. மகள் எழுந்து வந்து, அச்சு மாவும் மெழுகும் படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சிய முதல்லயே கொதிக்க விட்டிருந்தா ஒரு பாக்கெட்டே போதும்மா,” என்றார் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“கொதிக்க வச்சா ரோஷம் போயிடும்ப்பா,” என்றாள் மகள்.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் ஒரு கீழ்த்தாடைப் பல்செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. மகள் தட்டை இரண்டு கையாலும் ஏந்திவந்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். பச்சை இஞ்சி வாசனை குப்பென்று அறைக்குள் வந்தது.

“மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எடுப்பேன்ப்பா. அதுவரைக்கும் நான் கீழ வர மாட்டேன்.”

கதவு சாத்தும்வரை அவர் பல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு எழுந்துபோய்த் தட்டைத் தூக்கினார். அடியில் ஒரு பாக்கெட் இருந்தது. அவர் டீ பாத்திரத்தைக் கழுவி அடுப்பில் வைத்தார்.