பத்தொன்பது நிமிடக்காரர்

டெல்பர்ட் சைஸ்மோரின் எடை வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் ஐந்து பவுண்டு ஏறியிருந்தது. இதயம் பலவீனமானவருக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறுவது சதையல்ல, தண்ணீர். அந்த எண் என் திரையில் சிவப்பாக வந்து நின்றது. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

வீட்டில்தான் இருப்பார். எங்கள் கிளினிக் எண்ணைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறார். அன்று மாதத்தின் கடைசி நாள். அவர் கணக்கில் பத்தொன்பது நிமிடம் ஓடியிருந்தது.

என் வேலை அப்படிப்பட்டது. கென்டக்கி மலைகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் வீடுகளில் இதய நோயாளிகளுக்கு எடை மெஷின் கொடுத்திருக்கிறோம். காலையில் ஏறி நின்றால் எண் என்னிடம் வந்துவிடும். நான் பார்ப்பேன், டாக்டரிடம் கேட்பேன், அவர்களோடு பேசுவேன். ஒருவருடைய பக்கத்தைத் திறந்ததுமே திரையின் மூலையில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். என்ன செய்தேன் என்று அதன் கீழே எழுத வேண்டும். மாதத்துக்கு இருபது நிமிடம் சேர்ந்தால்தான் அரசுக் காப்பீட்டுக்கு பில் போடலாம். அதில் ஒரு பங்கு நோயாளியின் தலையில் விழும். பத்தொன்பதில் நின்றால் யாருக்கும் ஒன்றுமில்லை.

முதல் பில் போன அன்று டெல்பர்ட் போனிலேயே குதித்தார். "ஏன் கண்ணு, என் நாய் நொண்டுதுன்னு சொன்னதுக்கா பத்து டாலர்?"

சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று இருபது நிமிடக் கணக்கை நானே விளக்கித் தொலைத்தேன். என் வாய் அப்படி. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தே காலம் தள்ளிய மனுஷர், ஒரு திருகாணியைக்கூட வீணாக்க மாட்டார். அன்றே முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் சேவல் பொம்மைக் கடிகாரத்தைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து போன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த மாதம் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று என்னிடம் கேட்டு, மிச்சத்துக்கு அதைத் திருகி வைப்பார். அது மணியடித்தால் பாதிப் பேச்சில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு ஒரு மாதமும் அவர் பத்தொன்பதைத் தாண்டவில்லை.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கிரிஸ்டல் காபியோடு வந்து நின்றாள். மாதக் கடைசி என்றால் அவளுக்குச் சாமி வந்துவிடும்.

"இருபதுக்குக் கீழே யாரு, ரோண்டா?"

"சைஸ்மோர்."

"திரும்பவுமா? அந்த ஆளு நம்மள வச்சு விளையாடுறாரு. அங்க மழையான்னு கேளு, ஒரு நிமிஷத்தத் தேத்திடலாம்."

"போனே எடுக்கல. அஞ்சு பவுண்டு ஏறியிருக்கு, கிரிஸ்டல். எனக்குப் பயமா இருக்கு."

அவள் காபியை என் மேசையில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவள் மேல் அதுவரை எனக்கிருந்த கோபத்தில் பாதி அந்த ஓட்டத்தில் போய்விட்டது.

டாக்டர் ப்ரூவிட் என் தோளுக்கு மேல் குனிந்து எண்களைப் பார்த்தார், மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஆம்புலன்ஸ் போகட்டும். ஆனா போன தடவ வந்தவங்கள வாசலோட திருப்பி அனுப்பினவராச்சே. நீதான் பேசிச் சம்மதிக்க வைக்கணும்."

கிரிஸ்டல் இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் மாவட்டத்துக்கே இருப்பது ஒரு வண்டி. அதுவும் அப்போது மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். எண்களைப் பார்த்ததும் டாக்டரோடு பேசியதுமாகக் கடிகாரம் இருபத்திரண்டைத் தொட்டிருந்தது. ஐயோ, மனுஷர் என்னைக் கொன்றுவிடுவாரே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியே போனைப் பிடுங்கி எடுத்தேன்.

போனை எடுக்காவிட்டால் நாம் பேசுவதைப் பதிவு செய்யும் பழைய மெஷின் அவர் வீட்டில் இருந்தது. பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும்.

"மிஸ்டர் டெல்பர்ட், ரோண்டா பேசுறேன். உங்க எடையப் பாத்து டாக்டர்கிட்ட பேசினதுலயே இருபது தாண்டிடுச்சு. அதுவும் கணக்குதான். பில் போறது போகத்தான் போகுது. இனிமே நாப்பது வரைக்கும் நீங்க பேசினாலும் பேசாட்டியும் அதே பத்து டாலர்தான். நாப்பதத் தொட்டாதான் இன்னொரு பத்து. காசையும் குடுத்துட்டுப் பேசாமலும் இருக்கப் போறீங்களா?"

மெஷின் இரைந்தது. போனைக் காதோடு அழுத்தினேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"நாப்பது... வரைக்குமா?"

"நாப்பது வரைக்கும்."

"இப்ப எவ்வளவு?"

"இருபத்திமூணு."

சேவலைத் திருகும் சத்தம் கேட்டது. "முப்பத்தொம்பதுல... வச்சிடுவேன்."

மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டேன். சாய்வு நாற்காலியில்தான் இருக்கிறாராம். மூன்று இரவாகத் தூக்கமும் அதில்தான், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். நேற்று சர்ச் விருந்தில் உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை வைத்தார்களாம்.

"எத்தன துண்டு சாப்பிட்டீங்க?"

"அதையெல்லாம்... யாரு எண்ணுவா?"

"எண்ணுறதுல உங்கள மிஞ்ச ஆளா?"

சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகி அடங்கவே நேரமானது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆம்புலன்ஸ் வருது, மிஸ்டர் டெல்பர்ட். இந்தத் தடவ திருப்பி அனுப்பாதீங்க."

"அதுக்கு எவ்வளவு... கேப்பான் தெரியுமா?"

"அந்தச் சண்டைய நாம ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம். கதவத் திறந்து வைங்க."

மெதுவாகச் சொன்னார். "பூட்டல. எந்திரிக்க... முடிஞ்சா இன்னேரம் பூட்டியிருப்பேன்."

அதற்குப் பிறகு நான் நாயைப் பற்றிக் கேட்டேன். அதன் காலைப் பற்றிக் கேட்டேன். எது கேட்டாலும் ஒற்றைச் சொல்தான் வந்தது. டாக்டர் என் பக்கத்திலேயே நின்றார். கிரிஸ்டல் எதிரில் நின்று, வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது என்று கையால் காட்டினாள். பாலத்திலிருந்து அவர் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலையை நினைத்தால் அழுகை வந்தது.

அப்போது சேவல் அடித்தது.

இவ்வளவு நாளும் அந்த மணியோடு லைன் போய்விடும். இப்போதும் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கோ தள்ளி நாய் குரைத்தது. முறுக்குத் தளர்ந்து மணி மெதுவாக நின்றது. திரையில் நாற்பது விழுந்தது.

"மிஸ்டர் டெல்பர்ட்?"

"ஓடட்டும்," என்றார். "நீ... வச்சிடாத, கண்ணு."