கற்பூரம் அணைத்த வெள்ளிக்கிழமை

என் கடையில் அரசியல் பேசக் கூடாது என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டலாமா எனப் பலமுறை யோசித்திருக்கிறேன். மாட்டினால் சாயங்கால வியாபாரம் படுத்துவிடும். மலேசியாவில் எங்கள் மெர்லிமாவ் டவுனில் பசிக்குச் சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே வந்து போய்விடுவார்கள். சாயங்காலம் வருகிற கூட்டம் பேச வருகிற கூட்டம். இழுத்து ஆற்றிய பால் டீயான தே தாரேக் ஒன்றை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு டில்லி, சென்னை, கோலாலம்பூர் மூன்றையும் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அதில் பெரிய சத்தம் என் வீட்டுக்காரருடையது.

பெயர் கோகுலராஜ். பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் மகன். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, எங்கள் எஸ்டேட்டை ஒட்டிய, பாமாயில் எடுக்கிற செம்பனை எண்ணெய் மில்லில் வெல்டராக இருக்கிறார். மலேசியக்காரியின் கணவர் என்று கொடுக்கிற விசா பாஸில்தான் அவருடைய இருப்பு. அதைப் புதுப்பிக்கிற நாள் நெருங்கினாலே தாள்களை எடுத்து எடுத்துச் சரிபார்ப்பேன். போன தடவை இமிகிரேஷன் ஆபிசர் ஒருவர், இவர்கள் நிஜமாகவே குடும்பம் நடத்துகிறார்களா, ஆள் எப்படி என்று எங்கள் எஸ்டேட் கோயில் தலைவர் சேகரன் அண்ணனுக்குப் போன் போட்டு விசாரித்தார். அண்ணன் நல்லபடியாகச் சொன்னதால் பிழைத்தோம். இந்தத் தடவையும் அவர் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தோம்.

இந்த நேரம் பார்த்துத்தான் எண்ணெய் வரிப் பேச்சு கிளம்பியது. டில்லியிலிருந்து ஒரு குழு கோலாலம்பூருக்கு வருகிறதாம். செம்பனை எண்ணெய்க்கு இந்தியாவில் போடுகிற வரியைக் குறைக்கச் சொல்லி மலேசிய அரசாங்கம் கேட்கப் போகிறதாம். குறைத்தால் எங்கள் மில்லுக்கு ஓயாத வேலை. அங்கே ஏற்கெனவே படுத்துக் கிடக்கிற தேங்காய் விலை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இவர் சம்பளம் ஒரு பக்கம், இவர் அப்பாவின் தோப்பு எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு இவர் தினமும் தோப்புக்காகக் கத்தினார்.

"வரியக் கொறைச்சா நமக்குத்தானய்யா ஓவர்டைம்," என்றார் வீரப்பன். புதுக்கோட்டைக்காரர். இவரோடு அதே மில்லில் பாய்லர் பார்க்கிறவர்.

"ஓவர்டைம வாங்கி என்னய்யா பண்ணப் போற? பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டலன்னு எங்கப்பா காய மரத்துலயே விட்டு வச்சிருக்காரு. ரேஷன் கடையில பாமாயிலக் குடுத்துக் குடுத்தே எங்க எண்ணெயச் சாகடிச்சுட்டானுங்க."

"ஒனக்குத் தோப்பு இருக்கு, பேசுற. எனக்கு ரேஷன் கார்டுதான் இருக்கு. அந்தப் பாமாயில் பாக்கெட்டு இல்லன்னா எம்பொண்டாட்டி எதுல தாளிப்பா?"

மடக்கிவிட்டால் இவருக்குக் குரல் ஏறும். மேசையைத் தட்டி, கப்பலை மறிக்கணும், டில்லியை முற்றுகை போடணும் என்று ஆரம்பித்துவிட்டார். நான் சட்டியில் வடையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எந்த எண்ணெயில் என்று கேட்காதீர்கள். இரண்டு பேருமே அதைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் சொன்னேன். "பாஸ் கைக்கு வர்ற வரைக்கும் வாயக் கட்டுங்க. இது செம்பனை ஊரு. யாரு எங்க போயி என்னா சொல்லுவாங்கன்னு தெரியாது."

"பொண்டாட்டி கடையில பேசறதுக்கும் விசா எடுக்கணுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வாய் கடையில் பண்ணாததைப் போன் பண்ணியது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் அம்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட் அம்மன் வேறு யாருமில்லை, இவர் ஊர் அம்மன்தான். அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள் அந்தக் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து இங்கே வைத்துக் கும்பிட்டார்கள். எங்கள் கும்பாபிஷேகத்துக்கு அங்கே தீர்த்தம் எடுக்கப் போனவர்கள்தான் எனக்கு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் கோயிலில் மூலஸ்தானத்தைப் படம் பிடிக்க விடமாட்டார்கள். அதனால் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் தேவைப்பட்டபோது, இவர் தன் ஊர் அம்மன் தேரில் வருகிற படத்தைப் பெருமையாகப் போட்டுக் கொடுத்தார். ஊரிலுள்ள தென்னை விவசாயிகள் குழுவுக்கும் அதே படம்தான். அதையும் போட்டது இவர்தான்.

ஒரு காலையில், வெல்டிங் முடித்த கண்ணெரிச்சலோடு, ஊர்க் குழு என்று நினைத்துக் கோயில் குழுவில் பேசி அனுப்பிவிட்டார். எஸ்டேட் முழுக்க அந்தக் குரல் கேட்டது. நான் கடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"பாமாயில ஒரு சொட்டு உள்ள விடாதீங்கய்யா. நான் அந்த மில்லுக்குள்ளயே நிக்கிறவன், சொல்றேன். நாம வாங்கலன்னா இவனுங்களால ஒண்ணும் பண்ண முடியாது. மில்லு மூடுனா மூடட்டும். நான் ஊருக்கே வந்து தோப்பப் பாத்துக்கறேன்."

மில்லு மூடட்டும் என்றதற்கு எஸ்டேட்டே கொதித்தது. என்னைச் சுட்டது கடைசி வார்த்தை. ஊருக்கே வந்துவிடுகிறாராம். நானும் மகளும் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறோம் என்று அவர் சொல்லவில்லை. பதறிப்போய் அழித்தார். அதற்குள் நாலு பேர் நாலு பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

மத்தியானமே சேகரன் அண்ணன் வந்துவிட்டார். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரிகள் வைத்திருப்பவர். எப்போது வந்தாலும் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அன்றைக்கு நின்றார்.

"என்னா அகல்யா, ஒன் வீட்டுக்காரன் என்னா நெனச்சிக்கிட்டான்? எங்க தாத்தா ரப்பருல செத்தாரு, எங்கப்பா செம்பனையில செத்தாரு. இவன் வந்து நம்ம சோத்தத் தின்னுட்டு மில்லு மூடட்டும்றான் லா."

"தப்புதாண்ணே. குரூப் மாறிப் போச்சி."

"குரூப்தான் மாறுச்சி. மனசு மாறலயே. ஊருக்கே போறேன்றான். நாளைக்கு இமிகிரேஷன் ஆபிசர் போன் போட்டா நான் என்னா சொல்லட்டும்? பொய் சொல்லணுமா?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். ஏதாவது பண்ணுங்கண்ணே என்றேன். அண்ணன் கெட்டவர் இல்லை. பொய் சொல்லமாட்டார், அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை பூசைக்கு வரச் சொல்லு. சாரி கீரியெல்லாம் வேணாம். அம்மன் முன்னாடி கற்பூரம் அணைக்கட்டும். இந்த எண்ணெய்க்கு எதிரா இங்கயும் சரி, அங்கயும் சரி, வாயத் தொறக்க மாட்டேன்னு. அதோட முடிச்சிக்கலாம்."

எங்கள் எஸ்டேட்டில் பெரிய சண்டைகள் போலீசுக்குப் போவதில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால், அந்தப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கக் கூடாது. அணைத்தவரும் மீறக் கூடாது. மீறினால் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. படித்தவர்களும் அந்தத் தட்டுக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்பார்கள்.

இவர் முடியாது என்றார். "கால்ல விழச் சொல்லு, விழுறேன். சத்தியம் மட்டும் வேணாம் அகல்யா. அப்பா கலெக்டர் ஆபீசு முன்னாடி உண்ணாவிரதம் ஒக்காரப் போறாரு. மில்லுக்குள்ள இருக்கறவன்னு என்னைய வீடியோவுல பேசச் சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்காக."

"பேசுங்க. பேசிட்டு அங்கயே போயிருங்க. எஸ்டேட்டுக்கே கேக்குற மாதிரி அதத்தான சொன்னீங்க?"

"அது கோவத்துல சொன்னது."

"இமிகிரேஷன் கவுண்டர்லயும் கோவத்துல சொன்னதுன்னு சொல்லுங்க. எழுதிக்குவாங்க."

இவர் மகளின் பள்ளிக்கூடப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். நான் சொன்னது கடுமைதான். ஆனால் பயந்தவளுக்கு இதமாகப் பேச வராது. அந்த நாட்களில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இரண்டு தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். ஒருநாள் ரோந்து போலீஸ்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்தார். நான் கொதிக்கிற பாலைக் காலில் ஊற்றிக்கொண்டேன். அவர் வாங்க வந்தது பரோட்டா மாதிரியான ஒரு ரொட்டி சானாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவரே குளித்து வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார். நானும் மகளும் பின்னால் போனோம். கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். வீரப்பனும் வந்து தூணோரம் நின்றிருந்தார். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். சேகரன் அண்ணன் வாசகத்தைச் சொல்லச் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னார். செம்பனை என்ற வார்த்தை இவர் வாயில் முதல் தடவையாக வந்தது. அதுவரை பாமாயில் என்றுதான் சொல்வார். கையை வைத்தார். கற்பூரம் உடனே அணையவில்லை. அழுத்தினார். புகை வந்தது.

"முடிஞ்சிச்சி லா," என்று அண்ணன் இவர் தோளைத் தட்டினார். "இனிமே நீ நம்ம பையன்." கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு பொங்கல் வாங்கப் போனது. நானும் இரண்டு கை ஏந்தி வாங்கினேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இவர் அப்பா, என் மாமா, கூப்பிட்டார். இவர் உள்ளங்கையில் மருந்து பூசியிருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்னப்பா, நாளைக்குத் தயாரா? பெரிய திரையெல்லாம் கட்டச் சொல்லியாச்சு. நீ பேசுறதத்தான் எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டிருக்காக."

"நான் பேச முடியாதுப்பா."

"ஏன், லீவு குடுக்கலயா?"

"கற்பூரம் அணைச்சுட்டேன்ப்பா. எண்ணெயப் பத்தி எங்கயும் பேச மாட்டேன்னு."

மாமா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட நினைத்தேன். திட்டினால் நான் போனைப் பிடுங்கி, பாஸ் விஷயத்தைச் சொல்லி அழுதிருப்பேன்.

"எந்தச் சாமிகிட்டப்பா?"

"நம்ம அம்மன்கிட்டதான். இங்க இருக்கறவளும் அவதானே."

"அப்ப நீ பேசக் கூடாது," என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை. "பேசுனா அந்தப் புள்ளைக்கும் எம்பேத்திக்கும் ஆகாது. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

இவர் சரி என்றார். மாமா போனை வைக்கவில்லை.

"திருவிழாவுல நம்ம வீட்டு மண்டகப்படிக்கு, எனக்கப்பறம் ஒனக்குத்தான் பரிவட்டம் கட்டணும்னு சொல்லி வச்சிருந்தேன். நீ இந்த வருசமே வந்து கட்டிக்குவன்னு நெனச்சேன். தேங்காய வச்சுப் பொழைக்கிற ஊரு. அதே அம்மன் முன்னாடி இப்படிச் சத்தியம் பண்ணவனுக்குக் கட்டுங்கன்னு நான் எந்த மொகத்தோட கேக்குறது? ஒன் சித்தப்பன் மவன் பேரச் சொல்லிடுறேன். தப்பா நெனைக்காத. நீ அங்க நல்லா இரு."

"சரிப்பா," என்றார் இவர். போன் அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்காரலாம் என்று நினைத்தேன். என் கை முழுக்க மாவு. அதையே சாக்காக வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் டில்லிக் குழு வந்திறங்கிய செய்தி டிவியில் ஓடியது. வரி குறையுமா என்று வீரப்பன் ஆரம்பித்தார். மேசையே இவரைத் திரும்பிப் பார்த்தது. இவர் எழுந்து போய்க் குவளை கழுவினார். "நீ சண்டைக்கு வராம எனக்கு டீ எறங்கலய்யா," என்றார் வீரப்பன்.

இமிகிரேஷனுக்குப் போன நாளில் எல்லாம் சுலபமாக நடந்தது. சேகரன் அண்ணன் போனில் வாயாரச் சொல்லியிருக்கிறார். கவுண்டரில் இருந்தது சின்ன வயது மலாய்ப் பையன், சிரித்த முகம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, எந்தக் கம்போங், அதாவது எந்த ஊர், என்று மலாயில் கேட்டான். வருஷா வருஷம் கேட்பதுதான். இவர் பேராவூரணி என்பார், ஆபிசர் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், இவர் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் விடுவார்.

"மெர்லிமாவ்," என்றார் இவர்.

பையன் சிரித்தான். "இல்லை அங்கிள், இந்தியாவில் எந்தக் கம்போங்?"

"சூடா தாக் அடா," என்றார். இப்போது இல்லை என்று அர்த்தம். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

பையன் ஏதோ தட்டினான். பாஸ் கிடைத்துவிட்டது. பொறுப்பேற்கிறவள் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை என்னிடம் நீட்டினான். இவரை அனுப்பிவிடுவார்களோ என்று இத்தனை நாள் இருந்த பயம், இத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இனி நான் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னாலும் இந்த மனிதருக்குப் போக ஓர் ஊர் இல்லையே என்று மாறிக்கொண்டது. அந்தப் பயத்தோடேயே கையெழுத்தைப் போட்டேன்.