மோனிஷாவின் தீர்மானம்

அகில இந்திய ஆடுபுலி ஆட்டச் சங்கத்தில் மொத்தம் இருபத்தொரு பேர். ஆண்டுக் கூட்டம் எப்போதும் திருத்தணியில்தான். ஆந்திராக்காரர்களுக்குத் திருப்பதி பஸ், மற்றவர்களுக்கு மின்சார ரயில். என் மனைவி மோனிஷா உறுப்பினர். நான் இல்லை. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

அவள் எழுதி அனுப்பியிருந்த தீர்மானம் இந்த ஆண்டு ஓட்டெடுப்புக்கு வந்தது. ஓர் ஆட்டத்தில் ஒரே ஒருமுறை, நகர்த்திய காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மணவூரில் அவள் வீட்டில் அப்படித்தான் ஆடுவார்கள். வீட்டிலிருந்து யாராவது வந்து முன்மொழிய வேண்டும், இல்லையென்றால் தள்ளுபடி என்று செயலாளர் தேவகி போனில் சொன்னார். போனேன்.

லாட்ஜ் மாடியில் கூட்டம். எதிர்த்துப் பேசியவர் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் சுந்தரமூர்த்தி. மூன்று வருடமாக மோனிஷாவோடு போனில் இதற்காகவே சண்டை போட்டவர்.

"வச்ச காய எடுக்கலாம்னா புலி எதுக்குங்க? பூனைய வச்சி ஆடுங்க."

நகரி பிரகாஷ் என் பக்கம் திரும்பினார். "ஏன் நைனா, அந்தப் பொண்ணு ஒரு காயக்கூட திருப்பி எடுத்து நான் பாத்ததில்லையே. யாருக்கு இந்த ரூல்?"

"எனக்குத்தாங்க. வீட்டுல ஒரு ஆட்டத்துக்கு நாலு தடவ எடுப்பேன். ஒண்ணோட நிறுத்தணும்னுதான் எழுதுனா."

சிரித்தார்கள். ஓட்டு பத்துக்குப் பத்து.

தேவகி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வர முடியாதவங்களுக்கு வீட்டுக்காரங்க ஓட்டுப் போடலாம்னு இருக்குது. ஏன் வர முடியலன்னு கேக்கச் சொல்லல."

நான் கையைத் தூக்கினேன். நிறைவேறியது.

டீ வந்தபோது சுந்தரமூர்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. இருந்தப்போ மூணு வருசம் எதுத்துகினு இருந்துட்டு, இப்போ கை தூக்குனா அந்தப் பொண்ணு என்னிய மதிக்குமா?"

"மதிக்க மாட்டா."

"ஆங். அடுத்த வருசம் இத நீக்கச் சொல்லி நான் ஒண்ணு கொண்டாரப் போறேன். எதுத்துப் பேச ஆளு வேணும். நீ சேந்துக்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து உறுப்பினர் படிவத்தை எடுத்தார். என் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார்.