மெயினை இறக்கியாச்சு

உச்சி வெயிலில் நாற்பது பேர் சேர்ந்து சோலார் பண்ணையின் கேட்டைத் தள்ளிச் சாய்த்தார்கள். முதல் கல் காவலாளியின் மண்டையில் விழுந்தது. மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலத்தை வாங்கும்போது கம்பெனிக்காரர்கள் "உங்க தெருவுக்குத்தான் முதல் கரண்ட்" என்று வாய் கூசாமல் சொன்னார்கள். பண்ணை தயாராகி எட்டு மாதம். இங்கே விளைகிற கரண்டைத் தாங்க ஊருக்குள் கம்பி இல்லையாம், சப்ஸ்டேஷன் பழசாம். வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. தெருவில் மோட்டார் ஓடாமல் குடமெல்லாம் காய்ந்து கிடந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதே தெருவில் பிறந்து பண்ணையில் வேலை பார்க்கும் ஃபிட்டருக்கும் எரிந்தது. ஆனால் கோடாலியோடு முன்னால் வந்தது அவனுடைய மச்சான், சொந்த அக்காவின் புருஷன். இருபது வருஷ லைன்மேன். கரண்ட் போனால் தெரு அவரைத்தான் பிடித்து உலுக்கும். போன வாரம் கன்னத்தில் அறையே விழுந்தது. அந்த ஆத்திரத்தில் கண்ட்ரோல் ரூமுக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வெளியே சோலார் பேனலுக்குப் பின்னால் ஓடும் தடித்த கேபிளைத் தேடி வந்து நின்றார்.

"வெட்டாதீங்க மச்சான். அதுல கரண்ட் இருக்கு."

"யாருகிட்ட கதை விடுற? மெயினை நானே இறக்கியாச்சு."

மெயினை இறக்கினால் கம்பி செத்துப்போகும். இருபது வருஷமாக அவர் உயிரைக் காத்த பாடம் அது. இங்கே அந்தப் பாடம் செல்லாது. வெயில் அடிக்கிறவரை பேனலிலிருந்து வரும் கேபிளில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். ஃபிட்டர் அதைத் தொண்டை கிழியக் கத்தினான். கூட்டம் உடைக்கும் பேனல் கண்ணாடி நொறுங்குகிற சத்தத்தில் யார் காதில் விழும்?

கோடாலி மேலே போனது. அவன் கையில் கிடைத்த கட்டையை எடுத்து மச்சானின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது அவனுக்கே கேட்டது.

"கம்பெனி எச்சில் தின்னவன்டா இவன்" என்று கூட்டம் அவனை மண்ணில் போட்டு மிதித்தது. இரண்டு பல் போனது. வாய் நிறைய ரத்தம், பேச்சு வரவில்லை. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்த மச்சான், கீழே விழுந்த கோடாலியை எடுத்த தெருத் தையல்காரரைப் பார்த்துச் சொன்னார்: "பயப்படாம வெட்டு. மெயினை இறக்கியாச்சு."

லைன்மேனே சொல்கிறார், அப்புறம் என்ன? தையல்காரர் ஒரே வெட்டாக வெட்டினார். நீல நெருப்பு சீறி எழுந்தது. நெருப்பு அடங்கியபோது அவர் கறுத்துப்போய்க் கிடந்தார், கோடாலியின் வாய் உருகியிருந்தது. கூட்டம் சிதறி ஓடியது.

மச்சான் ஓடவில்லை. தொங்கும் கையோடு ஃபிட்டரிடம் நகர்ந்து வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"என் வாயை உடைச்சிருக்கலாமேடா மாப்ள" என்றார்.