உப்புக் கறை

கல்லூரியில் நிலவியல் படித்தேன். இரண்டாம் வருடம் நின்றுவிட்டேன். காரணம் யாருக்கும் சுவாரசியமானதல்ல. அதற்குப் பிறகு வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட்.

தீபாவளிக்குப் பட்டறை மூடினால் எல்லோரும் ஊருக்குப் போவார்கள். நான் கடப்பா பக்கம் போய்க் கல் பொறுக்குவேன். பாசி கடலடியில் படலம் படலமாகப் படிந்து இறுகிய பிரிகேம்பிரியன் கல். இருநூறு கோடி வருடத்துக்கு முன்னால் உயிர் என்றால் ஏறக்குறைய இந்த வழவழப்புதான். கண் கிடையாது, வாய் கிடையாது, முதலாளி கிடையாது.

பெரும்பாலும் உடைசல்தான் கிடைக்கும். 2006 தீபாவளிக்கு முழுசாக ஒன்று கிடைத்தது. தேங்காய் அளவு. கவிழ்த்த கிண்ணத்தின்மேல் கிண்ணம் அடுக்கியதுபோலக் குமிழ்கள், இடையிடையே வெள்ளைக் கோடு. அது கிடைத்த குவாரியில் அடுத்த வெடிக்கு அப்போதே துளை போட்டிருந்தார்கள். இன்னொன்று கிடைக்க வழியில்லை.

என்னோடு படித்த மதுமதி படிப்பை முடித்து ஆராய்ச்சியில் இருந்தாள். போனில் சொன்னேன்.

"குமிழ் முழுசா இருக்குதுங்களா சசி?"

"இருக்குதுங்க."

"எங்க சாருக்கு ஃபீல்டுக்கு ஒரு ஆள் வேணும். டிகிரி இல்லீன்னாலும் கல்லப் பாக்கத் தெரிஞ்சாப் போதும்பாரு. இதக் காட்டினா உங்களத்தான் எடுப்பாரு. ஞாயித்துக்கெழம சென்னிமலை ஊட்டுக்கு வர்றனுங்க. அப்படியே வந்து வாங்கிக்கறேன்."

அறைக்கு வந்து காசிமாயனிடம் சொன்னேன். அதுதான் தப்பு. காசிமாயன் உசிலம்பட்டிக்காரன், என் அறையில் இருப்பவன். அதே பட்டறையில் பகலில் மிஷின் கழுவுகிறான். சாய மிஷினுக்குள் தண்ணீர்க் கறை வெள்ளையாகப் படியும். உப்பு என்போம். ஆசிட் ஊற்றினால் நுரைத்துப் போய்விடும்.

ஞாயிறு காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். கட்டிலடியில் கல் இல்லை. காசிமாயன் கையில் வாளியோடு உள்ளே வந்தான்.

"கல்லத் தேடுறியாண்ணே? படிச்ச புள்ள வருது, உப்புப் புடிச்ச கல்லையா குடுப்ப? பட்டறைக்குக் கொண்டுபோயி ஆசிட்டுல போட்டேன். அப்பிடிப் பொங்குச்சு."

வாளியின் அடியில் கைப்பிடி அளவுக்கு ஏதோ கிடந்தது. சாம்பல் நிறம். சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல் வழவழப்பு.

"எவ்வளவு நேரம் போட்ட?"

"நேத்து சாயங்காலம் போட்டது. ஒரு வெள்ளை போனா உள்ள இன்னொரு வெள்ளை தெரியுதுண்ணே. நானும் விடலயே. ரெண்டு கேன் ஊத்திட்டேன்."

ஒரு கல் சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க ஒரு சொட்டு ஆசிட் விட வேண்டும், நுரைத்தால் சுண்ணாம்பு. முதல் வருடப் பாடம். ஒரு சொட்டு.

அவனை அடிக்கலாம் என்று தோன்றியது. அவன் விரல்களில் ஆசிட் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அடிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மதுமதி வந்தாள். ஜன்னலோரம் நின்று லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடுக்கு தெரியுதுங்க. ஆனா அடுக்கு எந்தச் சுண்ணாம்புக்கல்லுலயும் இருக்கும். குமிழ் இருந்தாத்தான் பாசின்னு சொல்ல முடியும்."

"குமிழ் இருந்துச்சுங்க."

"நான் நம்பறனுங்க."

"உங்க சாரு?"

அவள் லென்ஸை மடக்கினாள். "நாளைக்கு ஆளு யாருன்னு முடிவு பண்ணோணும்னு இருக்காருங்க. வேற ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

பையிலிருந்த உடைசல்களைக் கொட்டினேன். மரியாதைக்கு இரண்டை எடுத்துக்கொண்டாள். காசிமாயன் டீ வாங்கி வந்து ஊற்றிக் கொடுத்தான்.

"கல்லு புடிச்சிருக்காம்மா?"

"நல்லாக் கழுவியிருக்கீங்க," என்றாள். கேலியில்லை.

ஃபீல்டுக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கல் இப்போது பட்டறையில் இருக்கிறது. சாயத்தில் கலக்கும் உப்பு டிரம்மின் மூடி காற்றில் பறக்கிறது, மேலே பாரம் வைக்க வேண்டுமென்று காசிமாயன் கேட்டான், கொடுத்துவிட்டேன். போன வாரம் ஷிப்ட் மாறும்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்குண்ணே. எடுத்துரவா?"

"எடுத்துரு," என்றேன்.